பழைய ரோட்ஸ்டருக்கு ஹூட் மாற்றுதல்: யாழ்ப்பாணத்தில் நான் பட்ட பாடு

திறந்து மூடும் துணிக் கூரை உள்ள பழைய கார்கள் யாழ்ப்பாணத்தில் மிகக் குறைவு. அதனால் அந்தக் கூரை, அதாவது ஹூட், கிழிந்தால் யாரிடம் போவது, சாமான் எங்கே எடுப்பது, எவ்வளவு செலவாகும் என்று கேட்பதற்கு எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. ஒரு மாரி முழுக்கக் காரைக் கொட்டிலுக்குள் நிறுத்தி வைத்திருந்தேன். எல்லாமாக 420,000 ரூபா போனது. அதில் 88,000 ரூபாவுக்கு ஒரு பலனும் இல்லை. அந்தக் காசை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. இதே வகைக் காரோ, இதைப் போன்ற வேறொன்றோ வைத்திருக்கும் ஒருவருக்காவது அந்த 88,000 மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கார் 1990 ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர். ஜப்பானுக்கு வெளியே மஸ்டா எம்எக்ஸ்-5 என்று விற்கப்பட்டதும் இதுதான். லைற் இரண்டும் பொனற்றுக்குள்ளிருந்து எழும்பும் முதல் தலைமுறை, 1.6 லீற்றர் எஞ்சின். 1989 இல் தொடங்கி 1997 வரை இந்த வடிவத்தில் நாலு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். எண்ணிக்கை அவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் இன்றும் இதற்கு ஹூட் தைத்து விற்கிறார்கள். பழைய திறந்த கார் ஒன்றை வாங்க யோசிப்பவர்கள் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்பே, அதற்கு ஹூட் இன்னும் செய்கிறார்களா என்று விசாரித்துவிடுங்கள். எஞ்சின் சாமான் எப்படியோ தேடிப்பிடிக்கலாம். சரியாக வெட்டித் தைத்த ஹூட் இல்லாத கார் யாழ்ப்பாணத்து மாரியில் வெறும் தொட்டி.

நான் வாங்கும்போது ஹூட் நல்லாகத்தான் இருந்தது. கொழும்பில் அடுக்குமாடிக்குக் கீழே நிழலில் நின்ற கார். இங்கே முற்றத்து வெயிலுக்கு வந்ததும் எல்லாம் மாறியது. முதலில் பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளித்தது, பிறகு மண்ணிறமானது, கடைசியில் மடிப்பு விழும் இடத்தில் குறுக்கே வெடித்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. அதனால் கழுவக் கழுவ அந்தப் பிளாஸ்டிக்கில் வெள்ளைப் படலம் வேறு ஏறியது. துணியைப் பார்த்தால் கறுப்பு வினைல் இன்னும் உறுதியாக இருந்தது. ஆனால் தையல் நூல் உக்கியிருந்தது. வெயில் துணியைத் தின்பதற்கு முன்பே நூலைத் தின்றுவிடும். உங்கள் ஹூட் எந்த நிலையில் இருக்கிறதென்று பார்க்க, தையல் ஓடும் இடத்தை இரண்டு விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் பொடியாக உதிர்ந்தால் அந்த வருட மழையை அது தாங்காது.

ஐப்பசியில் முதல் பெருமழை. விடியப் பார்த்தால் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கி நின்றது, சீற்றுக்குப் பின்னால் கம்பளம் ஊறிப்போயிருந்தது. ஜன்னல் வெடிப்பால் வந்த தண்ணீர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பட்டணத்தில் ஒரு குஷன் கடையில் ஓட்டோ ஹூட் தைப்பவர்கள் இருந்தார்கள். பின்பக்கத்தை வெட்டியெடுத்துப் புது றெக்சினும் புதுப் பிளாஸ்டிக்கும் வைத்துத் தருவதாகச் சொல்லி 38,000 ரூபா எடுத்தார்கள். வேலை சுத்தமாகத்தான் தெரிந்தது. ஆனால் ஓட்டோ ஹூட் கட்டிய இடத்திலேயே நிற்பது. அதை யாரும் தினமும் மடிப்பதில்லை. அந்தத் தடித்த றெக்சின் என் காரின் சட்டத்தோடு மடியவே இல்லை. மடித்த இடமெல்லாம் சட்டத்தில் உரஞ்சியது. ஊசி போன துளை ஒவ்வொன்றாலும் தண்ணீர் கசிந்தது, மத்தியான வெக்கைக்குப் பசை விட்டுப்போனது. சில கிழமையில் பழைய நிலையை விட மோசம். மடிகிற ஹூட்டுக்கு மெல்லிய, உள்பக்கம் துணி பிடித்த வினைல் வேண்டும்; தையல் விழும் இடங்களைச் சூடு காட்டி ஒட்டி அடைக்கவும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் ஒட்டு வேலைக்குக் காசு கொடுக்காதீர்கள். தற்காலிகமாக மழையை மறைக்க வேண்டுமென்றால் ஒரு நல்ல படங்கு போதும், செலவும் சில ஆயிரம்தான்.

அடுத்தது கொழும்பு. இப்படியான கார்களுக்கு வேலை செய்யும் இடமொன்று தொலைபேசியில் நம்பிக்கையாகப் பேசியது. துணி எடுப்பதற்கு என்று 50,000 முற்பணம் கேட்டார்கள், அனுப்பினேன். பிறகு துணி வரவில்லை என்றார்கள், தைப்பவர் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள், அப்புறம் தொலைபேசியை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். காசு திரும்பவில்லை. நானூறு கிலோமீற்றர் தள்ளி இருக்கும் ஒருவனைத் தட்டிக்கழிப்பது எவ்வளவு சுலபம் என்பதை அந்த மாதங்களில் அனுபவித்தேன். வெளியூர் வேலைக்கு முற்பணம் கேட்டால், எடுத்த துணியின் படத்தையும் கடைச் சிட்டையையும் அனுப்பச் சொல்லுங்கள், பிறகு காசை அனுப்புங்கள்.

அந்த நேரத்தில் எனக்கு உண்மையாகவே மனம் விட்டுப்போனது. காருக்குள் புளித்த மணம், கம்பளத்தில் பூஞ்சணம், வீட்டில் தினமும் ஒரே பேச்சு: வித்துப்போடு. விற்கலாமென்றே முடிவெடுத்திருந்தேன். தெரிந்த மெக்கானிக் ஒருவர் சுன்னாகப் பக்கம் வயதான குஷன் வேலைக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னார். ஒஸ்ரின் ஏ40 கார்கள் ஹயரிங், அதாவது வாடகைக்கு, ஓடிய காலத்திலிருந்து இந்தத் தொழில் செய்பவர். மொறிஸ் மைனரில் துணிக் கூரை வைத்த வகை ஒன்று இருந்தது. அதற்கும் ஹூட் போட்டிருக்கிறார். காரைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் துணியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சீற்றுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிக்கொண்டே கேட்டார்: "தம்பி, ஹூட்டைப் பிறகு பாப்பம். பீலித் தண்ணி எங்கால போகுது? ஒரு செம்பு தண்ணி ஊத்திப் பாத்தனீங்களோ?"

"இல்லை ஐயா, பீலி இருக்கிறதே எனக்குத் தெரியாது" என்றேன். "அப்ப முதல் அதைப் பாருங்கோ. தண்ணிக்குப் போக வழி இல்லாட்டி எந்த ஹூட் போட்டும் பிரயோசனம் இல்லை."

இந்த இடத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். ஹூட்டின் பின்விளிம்பு காரின் உடம்போடு சேரும் இடத்தில், உள்ளுக்குள் ஒரு பிளாஸ்டிக் பீலி வளைந்து ஓடுகிறது. வீட்டுக் கூரை ஓரத்துப் பீலி செய்யும் வேலையேதான் இதற்கும். ஹூட்டில் விழும் மழை பின்னால் வழிந்து இந்தப் பீலிக்குள் இறங்கி, இரண்டு பக்கமும் ஓடி, சீற் பெல்ற் தூணுக்குப் பக்கத்தில் உள்ள துளைக்குள் விழும். அங்கிருந்து ஒரு குழாய் வழியாகப் பின்சில்லுக்கு முன்னால் நிலத்தில் ஊற்ற வேண்டும். ஆக, மழைத் தண்ணீர் காரின் உடம்புக்குள் போய்த்தான் வெளியேறுகிறது. காரை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அந்தத் துளை அடைபட்டால் தண்ணீர் நிரம்பி உள்ளே கம்பளத்துக்கு வரும். இன்னும் மோசமாக, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டுக்குள் இறங்கித் தேங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். வெளியே பெயின்ற் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு கரைந்துகொண்டிருக்கும்.

செம்பால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். வலப்பக்கம் சொட்டுச் சொட்டாக வந்தது, இடப்பக்கம் ஒரு துளிகூட வரவில்லை. கிளறிப் பார்த்தால் வேப்பம்பூ, முருங்கையிலை, இரண்டையும் குழைத்து இறுக்கிய செம்மண். எங்கள் முற்றங்களில் நிற்கும் வேம்பும் முருங்கையும் பொடி இலை உதிர்ப்பவை; அந்தப் பொடி அச்சொட்டாக இந்தத் துளைக்கு அளவானது. ஐயா கம்பி வேண்டாம் என்று சொல்லித் தடித்த தங்கூசி, அதாவது மீன்பிடி நைலோன் நூல், கொண்டுவரச் சொன்னார். கம்பி உள்ளே இருக்கும் குழாயைக் குத்திப் பொத்தலாக்கிவிடும். தங்கூசி வளைந்து போகும், அழுக்கை மட்டும் தள்ளும். மீன்பிடிச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் எடுக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, தண்ணீர் விட்டு, திரும்பத் தள்ளி, ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. கடைசியில் கறுத்த சேறு பொத்தென்று நிலத்தில் விழுந்தபோது எனக்கு வந்த ஆறுதலைச் சொல்ல முடியாது. இத்தனை மாதமும் காசும் எந்த அடைப்புக்காகப் போனதோ அது என் கண்முன்னே கிடந்தது.

ஆனால் இடப்பக்கப் பெட்டித் தகட்டைத் தட்டிப் பார்த்ததும் அந்த ஆறுதல் போய்விட்டது. பின்சில்லுக்கு முன்னால் தட்டினால் சத்தம் வெறுமையாகக் கேட்டது, ஸ்குறூ ட்ரைவர் நுனி உள்ளே போனது. இந்த வகைக் காரில் முதலில் துருப்பிடிக்கும் இடம் இதுதான். றிங்கர் வேலைக்கும் (தகட்டு வேலை) பெயின்றுக்கும் 95,000 ரூபா. மேலால் தகடு வைத்து மூடித் தருகிறேன் என்று ஒருவர் 30,000 க்குச் செய்யத் தயாராக இருந்தார். உக்கிய தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வெல்ட் பண்ணி, உள்ளே துருத்தடுப்பு எண்ணெய் அடிப்பவரிடம்தான் கொடுத்தேன். மூடிய துரு ஓடிக்கொண்டேயிருக்கும். இந்தப் பகுதி காரின் பலத்தைத் தாங்குவது, அதிலும் மேலே இரும்புக் கூரை இல்லாத காருக்கு. இந்த இடத்தில் மலிவு பார்க்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

துருவேலை நடக்கும்போதே ஹூட்டைத் தேடத் தொடங்கினேன். இரண்டு தெரிவுகள் முன்னால் வரும். ஒன்று, வினைலா கன்வஸ் துணியா? துணி பார்க்க மிக அழகு, விலையும் கூட. ஆனால் கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தூசி துணியின் இழைக்குள் ஏறினால் லேசில் போகாது, மாரியில் பூஞ்சணமும் பிடிக்கும். வினைலைத் துடைத்தால் போதும். மற்றது, பிளாஸ்டிக் ஜன்னலா கண்ணாடி ஜன்னலா? முதல் தலைமுறைக் காருக்குத் தொழிற்சாலையில் வந்தது சிப் (zip, இழுத்து மூடும் பல்வரிசை) வைத்த பிளாஸ்டிக் ஜன்னல். ஹூட்டை இறக்க முன் ஒவ்வொரு முறையும் சிப்பைத் திறந்து ஜன்னலைப் படுக்கவிட வேண்டும். இல்லாவிட்டால் மடிப்பு விழுந்து வெடிக்கும். 1998 இல் வந்த இரண்டாம் தலைமுறையில் கண்ணாடி வைத்தார்கள், அந்த வகை ஹூட்டைப் பழைய சட்டத்திலும் போடலாம். எங்கள் வெயிலுக்குக் கண்ணாடிதான் சரி. நான் எடுத்தது கறுப்பு வினைல், கண்ணாடி ஜன்னல்.

லண்டனில் இருக்கும் பெரியம்மாவின் மகன் வாங்கிக் கொடுத்தார். 310 பவுண், ஏறத்தாழ 124,000 ரூபா. கொரியரில் போட்டால் பெட்டியின் பருமனுக்கே பெருந்தொகை கேட்டார்கள். வீட்டுக்குச் சாமான் அனுப்பும் கப்பல் கார்கோவில் போட்டதால் என் பங்குக்கு 18,000 தான் முடிந்தது, ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. பெட்டியில் கண்ணாடி இருக்கிறது, மடிக்கவோ மேலே பாரம் வைக்கவோ கூடாது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டச் சொன்னேன். நல்லபடி வந்து சேர்ந்தது. வந்து பிரித்த பிறகுதான் அடுத்த இடி: பீலி அதற்குள் இல்லை. சில விற்பனையாளர்கள் ஹூட்டோடு பீலியையும் பூட்டியே தருகிறார்கள், பலர் தனியாக விற்கிறார்கள். என்னுடைய பழைய பீலியோ தொட்ட இடத்தில் முறிந்தது. முப்பது வருடமாகக் காய்ந்த பிளாஸ்டிக் அப்படித்தான் இருக்கும். பீலியும் றப்பர் சிலதும் தனியாக எடுக்க 30,000, இந்த முறை பொறுக்க முடியாமல் கொரியருக்கு 16,000. ஓடர் கொடுக்கும்போதே நாலு விடயம் கேளுங்கள்: பீலி சேர்ந்ததா, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் மெல்லிய கம்பி வடம் சேர்ந்ததா, றிவெற் தருகிறார்களா, கண்ணாடியில் பனி போக்கும் மின்கம்பி இருந்தால் அதற்கான வயர் வருகிறதா.

பழையதைக் கழற்றுவதில் பொறுமைதான் முக்கியம். சீற்றுக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் மூடிகளும் கிளிப்புகளும் அவசரப்பட்டால் படபடவென்று உடையும். கம்பளத்தைத் தூக்கினால் ஹூட்டின் பின்விளிம்பையும் பீலியையும் சேர்த்து அமுக்கிப் பிடிக்கும் தகட்டுப் பட்டிகள் தெரியும். அவற்றைப் பிடித்திருப்பவை 10 மில்லிமீற்றர் நட்டுகள். துருப்பிடித்த நட்டை முதல் நாளே எண்ணெயில் ஊறவிடுங்கள். அப்படியே திருகினால் உடம்போடு இருக்கும் ஸ்ரட் (நட்டு ஏறும் புரிக்கம்பி) முறியும், பிறகு அதற்கு வேறு வெல்டிங். சட்டத்தின் போல்ட்களைக் கழற்றி ஹூட்டையும் சட்டத்தையும் ஒன்றாகவே வெளியே எடுத்து மேசையில் வைத்து வேலை செய்ததுதான் எங்களுக்கு வசதியாக இருந்தது. ஒவ்வொரு படியிலும் படம் எடுத்து வையுங்கள். எந்தத் துணி மடல் எந்த வளைவுக்குப் போனது, எந்த ஸ்குறூ நீளம், எது கட்டை என்பதெல்லாம் நாலு நாளில் மறந்துவிடும். பழைய ஹூட்டைக் கிழித்து எறியவும் வேண்டாம். புதியதன் நடுவைக் குறிக்க அதுதான் அளவு.

பூட்டுவதில் ஐயாவின் கைவண்ணத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தது எனக்குக் கிடைத்த பேறு. பெட்டியில் மடிந்து வந்த புது ஹூட்டைப் பாயில் விரித்துக் காலை வெயிலில் காயவிட்டார். வினைல் இளகி மடிப்புகள் தானாகவே மறைந்தன. குளிர்நாட்டுக்காரர்கள் இதற்கு ஹீற்றர் வைக்கிறார்கள். எங்களுக்கு வெயில் சும்மா கிடைக்கிறது. பசை பூசுவதை மட்டும் நிழலில்தான் செய்தார். வெயிலில் பூசினால் விரித்து முடிக்க முன்பே காய்ந்துவிடும். சாதாரணச் செருப்புப் பசை மத்தியான வெக்கையில் இளகும் என்று சொல்லி, வெப்பம் தாங்கும் வகையையே வாங்கச் சொன்னார். முதலில் பசை இல்லாமல் ஒரு தடவை முழுக்கப் பொருத்திப் பார்த்து, முன்சட்டத்திலும் துணியிலும் நடுக்கோடு கீறி, நடுவிலிருந்து இரு பக்கமாகப் போய்த்தான் ஒட்டி றிவெற் அடித்தார். ஓரத்திலிருந்து தொடங்கினால் ஒரு பக்கம் சுருங்கும், மறுபக்கம் எட்டாது. பீலியின் இரண்டு நுனிகளிலும் உள்ள நாக்கு துளைக்குள் இறங்கியதா என்று கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகே நட்டுகளை இறுக்கினார். அந்த நாக்கு வெளியே நின்றால் இவ்வளவு செலவும் கம்பளத்துக்குத்தான் தண்ணீர் விடும். அவருக்கும் உதவியாளருக்கும் கூலி 40,000, பசை, றிவெற், பெயின்ற் என்று 9,000.

புது ஹூட் முதல் நாட்களில் பயங்கர இறுக்கம். முன்கண்ணாடிச் சட்டத்தில் கொளுவும் பூட்டுகள் எட்டவே எட்டாது. பூட்டில் உள்ள திருகாணியைத் தளர்த்தி நீட்டிக் கொளுவி, துணி இளக இளகப் பழையபடி இறுக்க வேண்டும். சில கிழமைகள் ஹூட்டை இறக்காமல் மூடியே வைத்திருந்தேன். திறந்து ஓட ஆசைதான், ஆனால் அந்த நாட்களில்தான் துணி சட்டத்தின் வடிவத்துக்குப் படியும்.

ஒழுக்குப் பார்க்க மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். கம்பளத்தைத் தூக்கி அடியில் பழைய பத்திரிகைத் தாள் விரித்துவிட்டு, குழாயால் மெதுவாக, மேலிருந்து கீழே தண்ணீர் விடுங்கள். சேர்விஸ் கடையில் அடிக்கும் வேகத்தில் அடித்தால் எந்தத் துணி ஹூட்டும் ஒழுகும், அதில் ஒன்றும் தெரியாது. எந்தத் தாள் நனைகிறதோ அங்கே பிழை. எனக்கு நனைந்தது முன்கண்ணாடியின் வலது மேல் மூலையில் மட்டும். அது ஹூட்டின் பிழை இல்லை, கதவுக்கண்ணாடி போய் அமரும் றப்பர் காய்ந்து சுருங்கியது.

இப்போது பங்குனியில் ஒரு தடவை, வேப்பம்பூ ஓய்ந்த பிறகு ஒரு தடவை, ஐப்பசி பிறக்க முன் கட்டாயம் ஒரு தடவை தங்கூசியும் செம்புத் தண்ணீரும் எடுக்கிறேன். துடைக்க ஈரத்துணியும் கொஞ்சம் மெல்லிய சோப்பும் போதும். தின்னர், மண்ணெண்ணெய், ரயருக்குப் பூசும் பொலிஷ் எதையும் வினைலில் படவிடுவதில்லை. காக்கை எச்சத்தை அன்றன்றே கழுவிவிடுகிறேன். கடைசித் தடவை கழுவுவதற்கு, பிடித்து வைத்த மழைத்தண்ணீரைத்தான் எடுக்கிறேன், கண்ணாடியில் சுண்ணாம்பு படியாது.

மூலை றப்பருக்கு ஓடர் கொடுத்திருக்கிறேன், அடுத்த கார்கோவில் வரும். பழைய ஹூட்டை ஐயா தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் மண்ணிறத் தாளில் வைத்து அளவு வெட்டிப் பெயரெழுதி வைத்திருக்கிறார். நல்ல மெல்லிய வினைல் கிடைத்தால் அடுத்த ஹூட்டை இங்கேயே தைக்கலாம் என்கிறார். அப்படியான வினைலைக் கொழும்பில் எந்தக் கடையில் கண்டாலும் ஒரு முழம் வாங்கி, வெயிலில் போட்டு, மடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.